கிரகணத்துக்கு முதல்நாள்

என் அலுமாரியில், இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி ஒன்றிலிருந்து வெட்டியது. ஒரு பக்கத்தில் கிண்ணமும் கரண்டியும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம். நடுவில் ஊசியால் குத்திய துளை ஒன்று. நான்கு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் குப்பைப் பைக்குள் போகவேண்டியது எப்படியோ தப்பி என்னோடு வந்துவிட்டது. மகள் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்து இது ஏன் கிடக்கிறது என்று கேட்டாள். அதற்குள்ளால் சூரியன் வந்தது என்றேன். தாய்க்கு வயது போகிறது என்று நினைத்திருப்பாள், லாச்சியை மூடிவிட்டாள்.

அட்டையை வெட்டியவர் என் மச்சாள், என் கணவரின் மூத்த சகோதரி. கொழும்பில் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த வீடு எரிந்தபோது உடுத்த சேலையோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கணவர் அதற்கு முன்னரே ரொறன்ரோவில் இருந்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவருடைய தாயான மாமி, மச்சாள், நான் என்று மூன்று பெண்களும் அவரிடம் வந்து இறங்கினோம். மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் ஒன்பதாம் மாடி. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பால்கனி. பால்கனியில் நின்றால் பனி மூடிய கார்த் தரிப்பிடமும் பஸ் நிறுத்தமும் தெரியும். வந்த புதிதில் அதை வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் மூவருக்கும் பொழுதுபோக்கு.

மச்சாளுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்யவில்லை. யாராவது கேட்டால், "அம்மான்ரை பஞ்சாங்கத்திலை எனக்கு நல்ல நேரம் இன்னும் வரேல்லை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பதா பரிதாபப்படுவதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். ஊரில் பல்கலைக்கழக வாசல்வரை போய்ச் சில புள்ளிகளால் திரும்பிவந்தவர் அவர். அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை. வந்த சில மாதங்களிலேயே மிசிசாகாவில், விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் இடத்தில் வேலை எடுத்தார். கையோடு ஒரு மாலை வகுப்பிலும் சேர்ந்தார். கணக்கியல் படிக்கத்தான் ஆசை. ஆனால் வேலை நேரத்தோடு ஒத்துவந்தது ஒரே ஒரு வகுப்புத்தான். விஞ்ஞானம் எப்படி வளர்ந்தது என்ற வரலாறு. "கிடைச்ச பஸ்ஸிலை ஏறுவம், போற இடம் பிறகு பாப்பம்" என்றார்.

மாமியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாமியின் மணிக்கூடு ஒன்று இருந்தது. அது யாழ்ப்பாண நேரத்தில்தான் ஓடும். நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் மாமி அதைப் பார்த்தே சொல்வார். பஞ்சாங்கத்தை மாமியின் தம்பி ஊரிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தார். அந்தப் பஞ்சாங்கம் சொல்லும் நேரம் அந்த மணிக்கூட்டில் வரும்போது இங்கே என்ன நேரமாக இருந்தாலும் காரியம் நடக்கவேண்டும். இந்த வீட்டுக்கு வந்து பால் காய்ச்சியதும் அப்படித்தான். ஊரில் நல்ல காலைநேரமாம், இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து கணவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வசந்தத்தில் இந்த நாடு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தபோது மாமிக்குப் பெரிய திருப்தி. "இவங்களுக்கு நேரத்திலையும் நிலை இல்லை. என்ரை மணிக்கூடு ஒருநாளும் உப்பிடி ஆட்டம் ஆடாது" என்றார்.

மச்சாளின் வகுப்பு, சில நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு கூட்டம் மனிதரைப் பற்றியது. பழைய பெரியவர்கள் எழுதிவைத்ததைப் படித்துவிட்டு உலகம் இப்படித்தான் என்று இருந்த காலத்தில், தாங்களே போய்ப் பார்த்தவர்கள், அளந்தவர்கள், பார்த்தது எழுத்தோடு பொருந்தாதபோது எழுத்தைச் சந்தேகித்தவர்கள். வகுப்பு முடிந்து வந்தால் குசினிக் கதிரையில் இருந்து சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்வார். பெயர்களைச் சொல்வதில்லை, மாமிக்கு வாயில் நுழையாது. குழாய் இத்தாலிக்காரர், மீன் இத்தாலிக்காரர், ஒல்லாந்துப் புடைவைக் கடைக்காரர், இங்கிலிசு வைத்தியர் என்று அடுத்த மாடியில் குடியிருப்பவர்களைப்போல் கதைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள்ளால் சந்திரனைப் பார்த்து அதில் மலை இருக்கிறது என்று சொன்னவரை மாமிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தன் பல்லில் இருந்த ஊத்தையைச் சுரண்டி உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் வைத்து, அதற்குள் உயிர்கள் நீந்துவதைக் கண்ட புடைவைக் கடைக்காரரை அதைவிடப் பிடிக்கவில்லை. "தொழிலைப் பாக்காமல் பல்லைத் தோண்டினவனோ?" என்று கேட்டார். ஆனாலும் அடுத்த வகுப்பு நாளில் மச்சாள் பஸ்ஸால் இறங்குவதை முதலில் பால்கனியில் நின்று காண்பவர் மாமிதான்.

கேட்டதோடு விட்டால் பரவாயில்லை, மச்சாள் செய்தும் பார்ப்பார். அந்த வசந்தத்தில் மூன்று ஜாம் போத்தல்களில் மீன் துண்டு போட்டுப் பால்கனியில் வைத்தார். ஒன்று திறந்தபடி, ஒன்றுக்கு மெல்லிய துணி கட்டி, மற்றதற்கு இறுக்கமாக மூடி. அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்று உலகம் நம்பிய காலத்தில் மீன் இத்தாலிக்காரர் செய்து பார்த்ததாம். மாமி தலையில் கைவைத்தார். "மீனைப் புழுக்க விடுறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனி?" நாற்றத்தில் பக்கத்து வீட்டார் தங்கள் யன்னலைச் சாத்தினார்கள். மாமி ஒவ்வொரு காலையும் திட்டிக்கொண்டே போய், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மூன்று போத்தலையும் பார்ப்பார். திறந்திருந்ததில் மட்டும் புழு வந்தது. துணி கட்டியதன்மேல் ஈக்கள் இருந்து பார்த்துவிட்டுப் போயின. மூடியதில் மீன் அழுகிக் கிடந்ததே தவிர ஒரு புழுவும் இல்லை.

"அப்ப மீனிலை குற்றமில்லை. ஈதான்" என்றார் மாமி.

அறுபது வயதுவரை நம்பியிருந்த ஒன்றை அவ்வளவு சுலபமாக மாற்றிக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கோபித்திருப்பார். போத்தல்களை உடனே எறியச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த நாட்களில் நான் பிள்ளைத்தாச்சி. சந்தோஷமாக இருக்கவேண்டிய காலம், நான் பயந்துபோய் இருந்தேன். கல்யாணமான முதல் வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. ஒரு பின்னேரம் சூரிய கிரகணம் பிடித்தது. வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது, கத்தி எடுக்கக்கூடாது, ஒன்றையும் வெட்டக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள கட்டு. நான் மறதியில், முதலில் பாதி நறுக்கி வைத்திருந்த வாழைக்காயின் மீதியை எடுத்து நறுக்கிவிட்டேன். மாமி வந்து கையைப் பிடித்தபோது காய் முடிந்திருந்தது. அடுத்தநாள் விடியப் பிள்ளை போய்விட்டது. மாமி என்னை அடிக்கவில்லை, துரத்தவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் கேட்டபோதெல்லாம் அந்த வாழைக்காயைச் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே கதையாகிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு நீதிமன்றத்தில் ஏற்றிக் கேட்டிருந்தாலும், ஓம், நான்தான் வெட்டினேன், நான்தான் பிள்ளையைக் கொன்றேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நான்கு வருடம் நான் வாழைக்காய் சமைக்கவில்லை.

கொழும்பில் இருந்த மச்சாளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். வாழைக்காய்க் கதை கடிதத்தில் எழுதும் கதையல்ல. கனடாவுக்கு வந்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த அன்று மாமி செய்த முதல் வேலை, பஞ்சாங்கத்தை எடுத்து வைகாசி, ஆனி, ஆடி என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததுதான். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன்ரை பத்து மாதத்துக்கையும் ஒரு கிரகணமும் இல்லைப் பிள்ளை. பயப்பிடாதை" என்றார். அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

மச்சாள் சொன்ன மனிதர்களில் மாமிக்கு மனதார விருப்பமான ஒருவர் இருந்தார், ஜெர்மன்காரர். கிரகங்கள் எந்தப் பாதையில் ஓடுகின்றன என்று வருடக்கணக்காகக் கணக்குப் போட்டு, கணக்குக்கும் வானத்துக்கும் ஒரு சின்ன வித்தியாசம் வந்தபோது, வானம் பிழையாக இருக்க முடியாது என்று தன் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர். வயிற்றுப் பிழைப்புக்காக வருடா வருடம் பஞ்சாங்கமும் எழுதினார், சாதகமும் கணித்தார் என்று மச்சாள் சொன்னபோது மாமி நிமிர்ந்து இருந்தார். "அப்ப எங்கடை ஆள்தான்." அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அந்த ஜெர்மன்காரரின் வயதான தாயை ஊரார் சூனியக்காரி என்று சொல்லிச் சிறையில் வைத்தார்கள். அந்தத் தாய் கொடுத்த கசப்பான பானத்தைக் குடித்ததால் தனக்கு நோய் வந்தது என்று ஒரு பெண் முறையிட்டிருந்தாள். மகன் தன் வேலையையெல்லாம் போட்டுவிட்டு வந்து தாய்க்காக வழக்காடினார். தாய் நல்லவள் என்று அவர் அழவில்லையாம். அந்தப் பெண்ணின் நோய் எப்போது தொடங்கியது, அதற்கு முன் யார் யாரிடம் என்ன மருந்து எடுத்தாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினாராம். கிரகத்தின் பாதையைத் தேடிய அதே பொறுமையோடு. தாய் உயிரோடு வெளியே வந்தார். மாமி இந்தக் கதையை மச்சாளைக் கொண்டு இரண்டு மூன்று தரம் சொல்வித்தார். "ஆம்பிளைப் பிள்ளை எண்டால் அப்பிடி இருக்கவேணும்" என்று கணவரைப் பார்த்துச் சொல்வார். அவர் என்ன செய்வார் பாவம், தாயை யாரும் சிறையில் போடவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மச்சாளுக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. மத்தியானச் சமையலுக்கு நான் குசினி மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மச்சாள் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டுவதையும் சேலை ஊசியால் குத்துவதையும் கண்டேன். இன்னொரு மீன் போத்தல் விளையாட்டு என்று நினைத்துக் காயைத் தொடர்ந்து நறுக்கினேன். பால்கனியில் நிலத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்துவிட்டு, "மச்சாள், ஒருக்கா வாரும், உமக்கொண்டு காட்டுறன்" என்று என்னைக் கூப்பிட்டார், நானும் அவருக்கு மச்சாள்தான். கத்தியைக் கையில் வைத்தபடியே போனேன்.

அட்டையை வெயிலில் பிடித்திருந்தார். அதன் நிழலுக்கு நடுவே, தாளில், சின்னதாய் ஓர் ஒளிப்பொட்டு. வட்டமாக இல்லை. ஒரு பக்கம் யாரோ கடித்த பிஸ்கற்றைப்போல் இருந்தது.

"துளை சரியான வட்டமெல்லோ? அப்ப உது துளையின்ரை வடிவம் இல்லை, சூரியன்ரை வடிவம். அந்த ஜெர்மன்காரரும் சந்தையிலை நிண்டு உப்பிடித்தான் பாத்தவராம்."

"சூரியனுக்கு என்ன நடந்தது?"

"கிரகணம்" என்றார், மகிழ்ச்சியாக.

கத்தி என் காலடியில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு மாமி வந்தார். நடந்ததை விளங்கிக்கொள்ள அவருக்குச் சிறிது நேரம் எடுத்தது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, நின்ற நிலையிலேயே பக்கங்களைப் புரட்டினார். "இதிலை இல்லையே. இல்லையே இதிலை." குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஊர் மணிக்கூடு பத்தரை என்று காட்டியது. மச்சாள் அப்போதும் விஷயம் தெரியாமல், "பஞ்சாங்கம் பிழையில்லை அம்மா. அது யாழ்ப்பாணத்து வானத்துக்கு எழுதினது. அங்கை இப்ப இரவு பத்தரை. அவைக்குச் சூரியனே இல்லை, பிறகேன் கிரகணம் எழுதுகினம்?" என்று விளக்கம் சொன்னார்.

மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் கட்டிலில் படுக்க வைத்தார். திரைச்சேலையை இழுத்து மூடினார். நான் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாமி வாசலில் நின்ற மகளைப் பார்த்துக் கத்தினார். "நீயும் ஒரு பொம்பிளையோ? முதல் பிள்ளையும் இதாலைதானேடி போனது!"

"எதாலை?" என்றார் மச்சாள்.

மாமி சொன்னார். வாழைக்காயைச் சொன்னார், கையைப் பிடித்ததைச் சொன்னார், விடிய நடந்ததைச் சொன்னார். எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை, ஒரு சொல்லும் மாறவில்லை. மச்சாளின் முகம் மாறியது. உள்ளே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கையில் அட்டை அப்படியே இருந்தது.

"கிரகணம் செய்யும் செய்யாது எண்டு நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை. உம்மட்டை ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். எது முந்தி?"

எனக்கு விளங்கவில்லை.

"உமக்கு முதன்முதல் வருத்தம் தெரிஞ்சது எப்ப? நோவோ, ரத்தமோ, என்னவாவது. வாழைக்காய்க்கு முந்தியோ பிந்தியோ?"

பிந்தி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்கு அப்போது கிணற்றடி ஞாபகம் வந்தது. ஒரு துணியைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னேரம். யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். துணியில் ரத்தம். முதுகின் கீழே நாரி நோகிறது. புதுப் பெண்பிள்ளை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது. இப்படியும் வருமாக்கும் என்று நினைத்து, பிழிந்த துணியை மற்றத் துணிகளுக்குக் கீழே மறைத்துக் கொடியில் போடுகிறேன். அது எந்தப் பின்னேரம்? கிரகணத்தன்று பின்னேரம் கிணற்றடிக்கு யாரும் போகவில்லை, மாமி விடவில்லை.

"முதல்நாள்" என்றேன். "கிரகணத்துக்கு முதல்நாள்."

இதை நான் மறந்திருந்தேன் என்று சொல்லமுடியாது. அந்தத் துணியும் கிணற்றடியும் எனக்குள் எங்கேயோ கிடந்தனதான். ஆனால் எல்லாரும் சொன்ன கதைக்குள் அந்தத் துணிக்கு இடம் இருக்கவில்லை. கதை வாழைக்காயில் தொடங்கியது, நானும் அங்கேயே தொடங்கிக்கொண்டேன். நான்கு வருடத்தில் என்னிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை.

"அண்டைக்கு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மாமி கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"வெக்கமாக் கிடந்தது மாமி. நீங்களும் கேக்கேல்லை."

நான் அழுதேன். அதுவரை அழாதவள் அல்ல, நான்கு வருடமும் அழுதவள்தான். ஆனால் அதெல்லாம் என்னை நினைத்து, நான் செய்ததை நினைத்து அழுத அழுகை. அந்தப் பிள்ளைக்காக, அதன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் அழுதது அன்றைக்குத்தான். மச்சாள் என் தலையைத் தடவிக்கொண்டு இருந்தார். வேலைக்குப் போகும் பஸ் போய்விட்டது, அவர் எழும்பவில்லை.

மாமி கட்டிலின் மற்றப் பக்கத்தில் வந்து இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல், "எனக்கும் ஒருக்காக் கேள் பாப்பம்" என்றார்.

மச்சாளுக்கும் எனக்கும் தெரியாத ஒரு கதை அது. மச்சாள் பிறப்பதற்கு முன் மாமிக்கும் ஒரு பிள்ளை இல்லாமல் போயிருந்தது. உச்சி வெயிலில் புளியமரத்துக்குக் கீழே தனியாகப் போனதால்தான் என்று அவருடைய மாமியார் சொல்லியிருந்தார். சாகும்வரை சொன்னாராம். மச்சாள் அதே கேள்வியைக் கேட்டார். "எது முந்தி, அம்மா?"

மாமி யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, விரலை மடக்கி யோசித்தார். நான் படுத்திருந்தபடியே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதல்நாள் கிடைத்ததுபோல் அவருக்கும் ஒரு கிணற்றடி கிடைத்துவிடவேண்டும் என்று மன்றாடினேன்.

"தெரியேல்லையடி" என்றார் கடைசியில். "முந்தியோ பிந்தியோ, ஞாபகம் இல்லை. அந்த மனிசி சொன்னதுதான் ஞாபகம் கிடக்கு."

மச்சாள் உங்கள் பிழையில்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், ஒரு பொய்தானே. அவர் சொல்லவில்லை. "அப்ப தெரியேல்லை எண்டுதான் சொல்லவேணும் அம்மா. ஆனால் தெரியாத இடத்திலை ஒருத்தரையும் குற்றவாளியா வைக்கேலாது. அந்த மனிசிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொன்னவ, அவ்வளவுதான்."

விஞ்ஞானத்தைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ கேட்டிருக்கிறேன். சந்திரனில் கால் வைத்தது, நோய்க்கு ஊசி கண்டுபிடித்தது எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் அந்தப் பழைய ஐரோப்பியர்கள் உலகத்தை மாற்றியது எதனால் என்று என்னைக் கேட்டால் அந்த அறையைத்தான் சொல்வேன். ஒருவர் எது முந்தி என்று கேட்கிறார், ஒருவர் உள்ளதைச் சொல்கிறார், ஒருவர் தெரியாது என்று சொல்லத் துணிகிறார். அந்த ஜெர்மன்காரரின் தாய் சிறைக்குள் இருந்தபோது அவருக்குத் தேவைப்பட்டதும் இவ்வளவுதான்.

மாமி எழும்பிப் பால்கனிக்குப் போனார். போகும்போது மகளின் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டு போனார். திரைச்சேலை விலகிய இடைவெளியால் எனக்குத் தெரிந்தது. அட்டையை வெயிலில் பிடித்து, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, குனிந்து தாளைப் பார்த்தார். கிரகணம் விட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். முழு வட்டமாகும்வரை அப்படியே நின்றார்.

இதனால் மாமி திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். உள்ளே வந்ததும் சமைத்த சோற்றைக் கொட்டச் சொன்னார். கிரகணம் விட்டால் குளிக்கவேண்டும் என்று மூவரையும் குளிக்க வைத்தார். ஊர் மணிக்கூடு ஊர் நேரத்திலேயே ஓடியது. "தம்பி அங்கை எழும்பிட்டானோ படுத்திட்டானோ எண்டு தெரியவேணுமெல்லோ" என்றார். ஆனால் நான் முழுகும்போது குளியலறைக்குள் வந்து, வாளியில் தண்ணீர் அள்ளித் தானே என் தலையில் ஊற்றினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எனக்கு அப்படிச் செய்ததில்லை. மூன்றாவது நாலாவது வாளிக்குப் பிறகு, தண்ணீர்ச் சத்தத்துக்குள், மெதுவாகச் சொன்னார்.

"மீனிலை குற்றமில்லைப் பிள்ளை."

அதைவிட வேறு விதமாக அவரால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். சுகமாக, நல்ல நிறையோடு, கட்டிடமே கேட்கிற குரலோடு. ஆஸ்பத்திரியில் மச்சாள் அவளைத் தூக்கி வைத்திருந்தபோது நான் வெற்றிக் களிப்பில், "பாத்தியளோ, கிரகணம் ஒண்டும் செய்யேல்லை" என்றேன். மச்சாள் பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒரு பிள்ளையை வைச்சு அப்பிடிச் சொல்லேலாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குள் மாமி, "அவளுக்கு விசர், நீ பிள்ளைக்குப் பால் குடு" என்றார்.

மச்சாள் அந்த வகுப்பை முடித்து, அதற்குப் பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று சாப்பாட்டுத் தட்டு அடுக்கியபடியே படித்து, எண்பதுகளின் கடைசியில் பட்டம் வாங்கினார். பட்டமளிப்புக்கு மாமி காஞ்சிபுரம் உடுத்து வந்தார். நல்ல நேரம் பார்க்கவில்லை, பல்கலைக்கழகம் கொடுத்த நேரத்துக்கே போனோம். அதற்குப் பிறகு மச்சாள் மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து, அங்கேயே வீடும் வாங்கித் தனியாக இருந்தார். மாமி அவருடைய வீட்டில்தான் கண்ணை மூடினார். மச்சாளும் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, வயிற்றில் வந்த நோய். அந்தக் கடைசி மாதங்களிலும் டொக்டர்மாரைக் கேள்வி கேட்டுக் களைக்க வைத்தார்.

செத்தவீட்டில் நான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கலியாணம் கட்டாமல், பிள்ளை பெறாமல் இருந்தால் இப்படித்தான் வயிற்றில் வரும் என்று ஒருவர். அந்த நாளில் கண்ட கண்ட நேரம் சாப்பிட்டு பஸ்ஸில் திரிந்ததுதான் காரணம் என்று மற்றவர். கெட்ட மனதோடு சொல்லவில்லை, கவலையோடுதான் சொன்னார்கள். நான் பொதுவாக அப்படியான இடங்களில் வாய் திறப்பவள் அல்ல. திரும்பினேன்.

"ஏன் வந்தது எண்டு டொக்டருக்கே தெரியாது, அக்கா. தெரியாத இடத்திலை அவவைக் குற்றவாளியா வைக்காதேங்கோ" என்றேன்.

சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது. மச்சாளோடு பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று கொண்டுபோயிருந்தேன். அருகே போய் நின்றபோது மனம் மாறிவிட்டது. பாவிக்கக்கூடிய ஒரு சாமானை வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது. அடுத்த கிரகணத்துக்குத் தேவைப்படும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த கிரகணம் வந்தது, அண்மையில். மகள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். பின்வளவில் கதிரைகள் போட்டு, கறுப்புக் கண்ணாடிகள் வாங்கி, அயலட்டையில் உள்ளவர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். நான் லாச்சியிலிருந்து அட்டையையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். நேரம் நெருங்க முகில் வந்து மூடிவிட்டது. தாளில் ஒன்றும் விழவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூட மட்டுக்கட்ட முடியவில்லை. பின்னேரம் திடீரென்று பொழுது பட்டதுபோல் மைமலாகி, பறவைகள் சத்தமில்லாமல் போய், குளிர் காற்று அடித்தது. வந்தவர்கள் ஏமாற்றத்தோடு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

"அம்மா, it's over. முகிலுக்கை என்னெண்டு தெரியும்? குளிருது, உள்ளை வாங்கோ" என்று மகள் கதவடியில் நின்று கூப்பிட்டாள்.

"நீ போ பிள்ளை, வாறன்" என்றேன்.

துளையால் ஒன்றும் வராத அட்டையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் முழுவதும் திரும்பும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.